அரூப ஓவியமும் தயக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரூப ஓவியம், அதாவது பொருளையோ ஆளையோ உருவமாகக் காட்டாத 'ஆப்ஸ்ட்ராக்ட்' ஓவியம், வரையத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, வண்ணத்தைப் பற்றியவை போலத் தெரியும். கிளறிப் பார்த்தால் உள்ளே தயக்கம் உட்கார்ந்திருக்கும். மீதிப் பாதி தயக்கத்தைப் பற்றியவை போலத் தெரியும். அவற்றுக்குத் தாளும் தண்ணீரும் பிரஷும்தான் காரணமாக இருக்கும். அதனால் இங்கே இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே பேசுகிறோம். பெரும்பாலும், தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை.

வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கை ஓடவில்லை. முதல் கோட்டை எங்கே போடுவது?

கோட்டை விடுங்கள், முதலில் அந்த வெள்ளையை ஒழியுங்கள். வெள்ளை பயமுறுத்துவதற்குக் கண் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. பளீரென்ற வெள்ளையின் மேல் எந்த வண்ணத்தை வைத்தாலும் அது இருக்கவேண்டியதைவிட அடர்த்தியாகத் தெரியும். மெல்லிய சாம்பல்கூட கறை மாதிரி நிற்கும். 'ஐயோ, அதிகமாகிவிட்டது' என்று கை பின்வாங்கும். உண்மையில் அதிகமாகியிருக்காது, பின்னணிதான் ஏமாற்றுகிறது.

செய்யவேண்டியது இது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள கெட்டித் தாளை ஒரு பிளைவுட் பலகையில் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் தாள் நெளிந்து, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அங்கே மட்டும் வண்ணம் திட்டாகக் காயும். ஒரு தேக்கரண்டி யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) அல்லது பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு) மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, சுவருக்கு அடிக்கிற 2 அங்குல பிரஷால் தாள் முழுக்க இழுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. சீராக வராது, வரவும் வேண்டாம். ஈரம் இருக்கும்போதே பழைய பருத்தித் துணியால் இரண்டு மூன்று இடங்களில் ஒற்றி எடுங்கள். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், மழைக்காலமென்றால் இன்னும் கொஞ்சம் ஆகும்.

காய்ந்ததும், வழக்கமாக எழுதாத கையில் கரித்துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கிறுக்குங்கள். தோளிலிருந்து கை அசையவேண்டும், மணிக்கட்டிலிருந்து அல்ல. பிறகு உலர்ந்த துணியால் கரியைத் தட்டி, உதிரியை நீக்குங்கள். இதைத் தவறவிட்டால் மேலே பூசும் மஞ்சளெல்லாம் அழுக்குப் பச்சையாகிவிடும். கரியிலிருக்கும் கருப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை பிறக்கும், அதுதான் காரணம்.

இப்போது மூன்றே மூன்று பூச்சு. தாளில் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும் பெரிய வடிவம் ஒன்று, உள்ளங்கை அளவில் ஒன்று, மெல்லிய கீற்று ஒன்று. இதோடு தொடக்கம் முடிந்தது. இனிமேல் நீங்கள் வெறுமையிடம் பேசவில்லை, தாளில் ஏற்கெனவே இருப்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அது எவ்வளவோ எளிது.

விலை கொடுத்து வாங்கிய பொருள் வீணாகிவிடுமே என்ற பயம் போகவில்லை.

பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சிக்கனம்தான் ஓவியத்தைக் கெடுக்கிறது. 20 மி.லி. ட்யூபிலிருந்து பட்டாணி அளவு வண்ணத்தைப் பிதுக்கி, அதை 22×30 அங்குலத் தாளில் தேய்த்தால் பிரஷ் பாதி வழியில் வறண்டுவிடும். கீறல் கீறலாக, இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு தடம் வரும். பார்ப்பவர் 'தன்னம்பிக்கை இல்லாத கோடு' என்பார். உண்மையில் அது வண்ணம் இல்லாத கோடு.

எனவே கணக்கை மாற்றுங்கள். விலை உயர்ந்த கேன்வாஸை ஆறு மாதத்துக்கு மறந்துவிட்டு, மாணவர் தரத்து வண்ணத்தைப் பெரிய ட்யூபில் அல்லது டப்பாவில் வாங்குங்கள். வெள்ளை மட்டும் மற்றதைப்போல இரண்டு மூன்று மடங்கு செலவாகும். ஒரு முழுத் தாளை நான்காக வெட்டினால் 11×15 அங்குலத்தில் நான்கு துண்டு கிடைக்கும். ஐந்து தாள் வாங்கினால் இருபது ஓவியம். இருபதில் பதினைந்து குப்பைக்கு என்று முதலிலேயே எழுதிவைத்துவிடுங்கள். உட்காரும்போதே தோற்க அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷனைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். அதில் நிரப்பிப் பொடி அதிகம், அதனால் வண்ணம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறும். பிடிப்பும் ஓவிய வண்ணம் அளவுக்கு இருக்காது. விற்கவோ மாட்டவோ போகும் ஓவியத்தில் வேண்டாம். செய்தித்தாளும் அப்படித்தான்: கிறுக்க நல்லது, சில மாதங்களில் பழுத்து நொறுங்கும். காக்கித் தாள், அட்டைப்பெட்டியின் உட்புறம், கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை எல்லாம் பழகுவதற்குத் தாராளமாகப் போதும்.

கருவிகள்? 2 அங்குல பிரஷ் ஒன்று, 1 அங்குல தட்டை பிரஷ் ஒன்று, பேலட் கத்தி (வண்ணம் குழைக்கும் மழுங்கிய கத்தி) ஒன்று, காலாவதியான ஏடிஎம் அட்டை, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பழைய துணி. மெல்லிய பிரஷை வாங்கவே வாங்காதீர்கள். கையில் இருந்தால் அதை எடுத்து மூலையில் பூ போடத் தோன்றும்.

எத்தனை வண்ணம் வைத்துக்கொள்ளலாம்?

முதல் இருபது ஓவியத்துக்கு நான்கு: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், டைட்டானியம் வெள்ளை. பார்க்கச் சோகையாகத் தெரியும். ஆனால் நீலத்தையும் சியன்னாவையும் ஏறக்குறையச் சமமாகக் கலந்தால் கருப்பை ஒட்டிய ஆழம் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். வெள்ளையை ஏற்றி இறக்கினால் மழைக்கு முந்தைய வானத்தின் அத்தனை நிறங்களும் வரும். ஓக்கரும் நீலமும் சேர்ந்தால் பாசி படிந்த பச்சை.

இருபத்து நான்கு நிறப் பெட்டியைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு முறை பிரஷைத் தொடும்போதும் இருபத்து நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கும், ஒவ்வொரு தேர்வும் ஒரு தயக்கம். நான்கு வண்ணத்தில் எதை எடுத்தாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், ஏனென்றால் எல்லாக் கலவையிலும் அதே நான்கின் ரத்தம்தான் ஓடுகிறது.

பிறகு ஐந்தாவதாக ஒரு துணிச்சலான வண்ணம் சேருங்கள். தாலோ நீலமோ தாலோ பச்சையோ எடுத்தால் எச்சரிக்கை: ஒரு தேக்கரண்டி வெள்ளையை நிறம் மாற்ற ஓர் அரிசி அளவு போதும். 'கொஞ்சம்தானே போட்டேன், எல்லாம் பச்சையாகிவிட்டது' என்பவர்கள் எல்லாரும் தாலோவைத் தொட்டவர்கள். அளவுக்குச் சமையல் கணக்கு: ஒரு நிறம் சோறு மாதிரி, ஒன்று குழம்பு மாதிரி, ஒன்று ஊறுகாய் மாதிரி. மூன்றும் சமமாக இருந்தால் எதைப் பார்ப்பது என்று கண் திண்டாடும்.

தத்ரூபமாக வரையத் தெரியாமல் அரூபம் வரையலாமா? ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது.

வரையலாம். உருவப் பயிற்சி உள்ளவர்களுக்கு அது கைகொடுக்கிறது என்பதும் உண்மை. டச்சு ஓவியர் மோந்திரியான் 1908-க்கும் 1912-க்கும் இடையில் மரங்களை வரைந்துகொண்டே போனதைப் பார்த்தால், சிவப்பு மரம், சாம்பல் மரம், பூக்கும் ஆப்பிள் மரம் என்று ஒவ்வொன்றிலும் மரம் கரைந்து கோடுகள் மிஞ்சுவது தெரியும். சென்னையில் கே.எம். ஆதிமூலம் முதலில் அறியப்பட்டது கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்களால். காந்தியை வரைந்த தொடர் அதில் முக்கியமானது. வண்ணப் பரப்புகளால் ஆன பெரிய அரூப எண்ணெய் ஓவியங்கள் பிறகு வந்தவை.

ஆனால் அந்தப் பயிற்சியிலிருந்து அரூபத்துக்கு வருவது மூக்கு வரையும் திறன் அல்ல. எது வெளிச்சம் எது நிழல் என்ற கணக்கு, எவ்வளவு இடம் காலியாக விடுவது என்ற உணர்வு, கையின் அழுத்தம் ஆகியவைதான். இவற்றைத் தனியாகவே பழகலாம். வீட்டில் ஜன்னல் கம்பிக்கு நடுவே தெரியும் இடைவெளிகளை மட்டும், கம்பியை வரையாமல், பத்து நாள் வரையுங்கள். 'ஏமாற்று வேலை' என்ற உறுத்தலுக்கு அதைவிட நல்ல மருந்து தெரியவில்லை.

'இதை எங்க வீட்டுக் குழந்தையே வரையும்' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

சிரித்துவிட்டுப் போகலாம். தகவல் வேண்டுமென்றால் ஒன்று உண்டு. பாஸ்டன் கல்லூரி உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பெயர்பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும், குழந்தைகளும் குரங்கு, யானை போன்ற விலங்குகளும் தீட்டியவற்றையும் இரண்டிரண்டாகக் காட்டினார்கள். சிலவற்றில் பெயர்ச்சீட்டை வேண்டுமென்றே மாற்றியும் ஒட்டினார்கள். அப்படியிருந்தும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கில் வரக்கூடியதைவிட அதிகமான முறை ஓவியர்களின் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். எல்லா முறையும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும், சில ஜோடிகளில் குழந்தையோ யானையோ வென்றது.

குழந்தைக்கு இல்லாத ஒன்று, எங்கே நிறுத்துவது என்ற தேர்வு. குழந்தையின் படத்தை அழகான கட்டத்தில் பக்கத்திலிருக்கும் அம்மா பிடுங்கிவிடுகிறார். அதனால்தான் அது தப்பிக்கிறது.

நடுவில் ஓர் இடம் மிக அழகாக வந்துவிட்டது. இனி அதைக் கெடுத்துவிடுவேனோ என்று தொடவே பயம்.

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய வலை கிடையாது. கைப்பிடி அளவு மூலை ஒன்று தற்செயலாக அற்புதமாக அமைந்துவிடும். அதன்பின் ஓவியர் அந்த மூலைக்குக் காவல்காரர் ஆகிவிடுவார். மற்ற இடங்களை எல்லாம் அதற்கு ஒத்துப்போக வைக்க முயன்று, முழுப் படமும் அந்த மூலையைச் சுற்றிக் கோணிக்கொண்டு நிற்கும்.

படிப்படியாக இப்படிச் செய்யுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். இழக்கவில்லை என்று மனம் சமாதானமாகும். கருப்பு அட்டையில் 'ட' வடிவில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டையும் எதிரெதிராக வைத்து அந்த மூலைக்குச் சட்டம் போடுங்கள். அதுவே தனிப் படமாக நிற்கிறதா? நிற்கிறதென்றால், தாளாக இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம், கேன்வாஸாக இருந்தால் அதையே அடுத்த ஓவியத்துக்கு விதையாக எடுத்துக்கொள்ளலாம். தனியாக நிற்கவில்லை என்றால் அது நீங்கள் நினைத்த அளவு அழகில்லை, அருகிலிருப்பவை மோசமாக இருப்பதால் பளிச்சிடுகிறது. வெட்டி எடுக்கவில்லையென்றால் இரண்டிலும் விடை ஒன்றுதான்: அந்த இடத்தின் மேல் வண்ணம் போகவேண்டும். ஒரேயடியாக மூட மனமில்லையென்றால் ஒரு பங்கு வண்ணத்துக்கு ஐந்தாறு பங்கு அக்ரிலிக் மீடியம் (நிறமி சேராத பிசின்) கலந்து மெல்லிய திரை போலப் பூசுங்கள். அடியில் இருப்பது தெரியும், ஆனால் கூட்டத்தோடு சேர்ந்துவிடும். மீடியத்துக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள். ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த கேன்வாஸில் தண்ணீர் பாதிக்கு மேல் போனால் வண்ணத்தைப் பிணைக்கும் பிசின் மெலிந்து, விரலால் தேய்த்தாலே பொடியாக வரக்கூடும்.

இந்தப் பயத்தை வேரிலேயே குறைக்க ஒரு வழி, ஒரே நேரத்தில் நான்கு முதல் ஆறு தாள்களைச் சுவரில் ஒட்டி மாற்றி மாற்றி வேலை செய்வது. ஒன்று காயும் நேரத்தில் அடுத்தது. ஒரே பிள்ளை உள்ள வீட்டில்தான் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள்.

'ஏதோ குறைகிறது' என்று மட்டும் தெரிகிறது. என்னவென்று பிடிபடவில்லை.

கைப்பேசியில் எடுத்த படத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். படம் முழுக்க ஒரே நடுத்தரச் சாம்பலாகத் தெரிந்தால் குறை வண்ணத்தில் இல்லை, வெளிச்சம் நிழலில். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராக இருந்தாலும் சாம்பலில் ஒன்றாகவே விழலாம். அப்போது ஓர் இடத்தை நன்றாக வெளுக்கவும் இன்னோர் இடத்தை நன்றாக இருட்டவும் செய்தால் போதும், புது வண்ணம் எதுவும் வேண்டாம். 'ஏதோ குறைகிறது' என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் படத்தை 90 பாகை திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். எல்லா வடிவங்களும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். தயங்கும் கை எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் போடும். பெரியதைப் பெரிதாக்குவதற்குத் துணிச்சல் தேவைப்படுகிறது.

எவ்வளவு நல்ல வண்ணம் எடுத்தாலும் கடைசியில் சேறாகிவிடுகிறது. ஏன்?

ஈரத்தின் மேல் ஈரம். வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை, அதாவது ஆரஞ்சும் நீலமும், ஊதாவும் மஞ்சளும், ஈரமாகக் கலந்தால் பழுப்பாகும். திருப்தியில்லாமல் தேய்க்கத் தேய்க்க இன்னும் கலக்கும். தயக்கம் உள்ளவர்கள் ஒரே இடத்தைப் பத்து முறை தடவுவார்கள், அதுவே சேற்றுக்கு முதல் காரணம். ஒரு தடம் போட்டால் பிரஷைத் தூக்கிவிடவேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஈரத் துணியால் உடனே துடைத்து எடுங்கள், அல்லது காயவிட்டு மேலே பூசுங்கள். நடுவழி கிடையாது.

தண்ணீர் டப்பா இரண்டு வையுங்கள்: ஒன்றில் கழுவ, மற்றதில் அலச. ஒரு கலவையில் வெள்ளையைச் சேர்க்காமல் எண்ணினால் இரண்டு வண்ணம், மிஞ்சிப்போனால் மூன்று. மாணவர் தரத்தில் நிறமி குறைவு என்பதால் மூன்றாவதிலேயே மங்கும். அவசரமென்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். தடித்த பூச்சில் கிட்டக் காட்டினால் மேலே மட்டும் தோல் கட்டி உள்ளே ஈரம் நின்று, பிறகு வெடிக்கும்.

இன்னொரு ஏமாற்றமும் இதோடு சேரும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு மாற்று அடர்த்தியாகும். ஈரத்தில் பிசின் பால் போல வெளுத்திருந்து, காய்ந்தபின் தெளிவாகிவிடுவதுதான் காரணம். நேற்று இரவு பிடித்தது காலையில் பிடிக்காமல் போவதற்கு உங்கள் ரசனை மட்டும் காரணமில்லை. கொஞ்சம் வெளிறிய கலவையாகவே கலக்கப் பழகுங்கள்.

சேறே வந்துவிட்டதா? தூக்கி எறியவேண்டாம். டப்பாவில் சேர்த்து மூடி வையுங்கள். அந்த மந்தமான சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரண ஓக்கர்கூட விளக்கு போட்டதுபோல ஒளிரும்.

சுதந்திரமாக வரை என்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை.

வராது. 'எதை வேண்டுமானாலும் செய்' என்பதைவிடக் கையைக் கட்டிப்போடும் கட்டளை இல்லை. சிக்குக் கோலம் போடுபவர் புள்ளி எத்தனை என்று முடிவு செய்துவிட்டுத்தான் இழையைத் தொடங்குகிறார். அந்தக் கட்டுக்குள் கை தயங்காமல் ஓடுகிறது. சாயங்காலத்துக்குள் மிதிபட்டுப் போகும் என்பதும் தெரியும், அதனால் கை நடுங்குவதில்லை.

உங்களுக்கும் ஒரு புள்ளி வரிசை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நிபந்தனை: இன்று பிரஷ் இல்லை, அட்டை மட்டும். இன்று பத்து நிமிடம், மணி அடித்தால் கை எடுக்கவேண்டும். இன்று வளைவே கூடாது. இன்று படத்தின் பாதி காலி. நிபந்தனைக்குள் தோற்றால் நிபந்தனை மோசம் என்று சொல்லிவிடலாம், உங்கள் மேல் பழி இல்லை.

எல்லாப் படமும் ஒரே மாதிரி வருகிறது. இல்லாவிட்டால் யாரோ ஒருவருடையது மாதிரி இருக்கிறது.

இவை இரண்டு வேறு வேறு நோய்கள்.

ஒரே மாதிரி வருவதற்குக் காரணம் கைப்பழக்கம். சித்திரமும் கைப்பழக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அரூபத்தில் அதே பழக்கம் சில சமயம் குறுக்கே நிற்கும். வலது கைக்காரரின் வீச்சு பெரும்பாலும் கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்குப் போகும். உங்கள் பத்துப் படங்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள், இது தெரியவரும். தாளைத் தரையில் போட்டுச் சுற்றி நடந்து வரையுங்கள், பிரஷை இரண்டு அடிக் குச்சியில் கட்டிப் பிடியுங்கள், தாளின் அளவை இரண்டு மடங்காக்குங்கள்.

வைப்பர் கட்டையால் வண்ணத்தை இழுப்பது இன்று எல்லாருக்கும் பிடித்த உத்தி. ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிஷ்டர் பெரிய கட்டைகளால் இழுத்துச் செய்த ஓவியங்கள் அதற்கு வழிகாட்டி. ஆனால் யார் இழுத்தாலும் அந்தக் கட்டை அழகான ஒன்றைக் கொடுத்துவிடும். எளிதாகக் கிடைத்த அந்த அழகின் மேல் உங்கள் முடிவு ஏதாவது விழுந்ததா என்று பாருங்கள். விழவில்லையென்றால் ஓவியத்தைக் கட்டை வரைந்திருக்கிறது.

அடுத்தவருடையது போல இருப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். பிரதி செய்வதானால் விளைவைச் செய்யாதீர்கள், வேலைமுறையைச் செய்யுங்கள். அமெரிக்க அரூப ஓவியர் ரோத்கோ என்றால் இரண்டு செவ்வகம் என்று கைப்பேசித் திரை சொல்லும். உண்மையில் நீர்த்த வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசியதில்தான் அந்த மினுக்கம். எனவே மூலப் படங்களை நேரில் பாருங்கள். சென்னையில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமமும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியும் போய்வரக்கூடிய இடங்கள். படத்துக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எத்தனை அடுக்கு, எங்கே சுரண்டப்பட்டிருக்கிறது, எங்கே ஓவியர் மனம் மாறி மூடியிருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். புகழ்பெற்றவர்களின் கேன்வாஸிலும் திருத்தங்கள் புடைத்து நிற்பதைப் பார்ப்பது தயக்கத்துக்கு நல்லது.

எப்போது நிறுத்துவது?

கை சின்னச் சின்னப் புள்ளிகளாக வைக்கத் தொடங்கிவிட்டால் நிறுத்தவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பிரஷைக் கழுவிவிட்டு, தினமும் காபி குடிக்கும் இடத்துக்கு எதிரே படத்தைச் சாய்த்து வையுங்கள். மாற்றத் தோன்றுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், ஆனால் ஏழு நாள் தொடக்கூடாது. ஏழாம் நாளும் எந்த வரி அடிபடாமல் நிற்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். இந்திய அரூப ஓவியர் வாசுதேவ் கைதொண்டே ஆண்டுக்கு ஒருசில ஓவியங்களையே முடித்தவர். வரைவதைவிடக் காத்திருப்பதில் அதிகப் பொழுது கழிந்தது. காத்திருப்பதும் வேலை நேரத்தில் சேர்த்திதான்.

முடிந்தபின் பிடிக்கவில்லை. கிழித்துவிடலாமா?

அன்றைக்கே கிழிக்காதீர்கள். முதலில் மேலே சொன்ன அட்டைச் சட்டத்தைப் படத்தின் மேல் நகர்த்தி, உள்ளே நல்ல சிறு படம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இல்லையென்றால் பெரிய வைத்தியம். டைட்டானியம் வெள்ளையில் சிட்டிகை ஓக்கர் கலந்து தாராளமாக எடுத்து, படத்தின் முக்கால் பகுதியைப் பேலட் கத்தியால் மூடுங்கள். பிடித்த மூன்று இடங்கள் மட்டும் தீவு மாதிரி வெளியே தெரியட்டும். பழைய பூச்சின் மேடுபள்ளம் வெள்ளைக்கு அடியில் தெரியும், அதுவே புதுத் தாளில் கிடைக்காத ஆழம். இன்னொரு வழி, நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை 220 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது; மேலடுக்கு கரைந்து கீழடுக்கின் வண்ணங்கள் எட்டிப்பார்க்கும். உலர்வாகத் தேய்த்தால் நிறமித் தூசி மூச்சில் போகும், கூடாது.

எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பழைய கேன்வாஸை அக்ரிலிக்கால் மூடாதீர்கள், பிடிக்காமல் உரிந்துவிடும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் போகலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் கூடாது. ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடுவதும் ஆபத்து. காயும்போது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

யாரிடம் காட்டுவது? ஒருவர் முகம் சுளித்தால் ஒரு மாதம் வரைய முடிவதில்லை.

வரைந்துகொண்டிருக்கும்போது யாரிடமும் வேண்டாம். ஈரமாக இருக்கும் படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் வரும் முதல் பதிலே அடுத்த தடத்தைப் போடும். முடித்து, ஏழு நாள் கழித்து, இரண்டு பேருக்குக் காட்டுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருக்கு' என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'உங்கள் கண் முதலில் எங்கே போனது? அடுத்து எங்கே? எந்த இடத்தில் சலித்தது?' என்று கேளுங்கள். ஓவியம் தெரியாதவரும் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார். இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே பாருங்கள்.

'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால்?

சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' தொடரில் எழுத்து போன்றவையும் ஜாதகக் கட்டம் போன்றவையும் கணிதக் குறிகளும் நிறைந்திருக்கும். படித்துப் பொருள் காண்பதற்காக அவை எழுதப்படவில்லை. எழுத்தையே அப்படி வைக்கலாம் என்றால் உங்கள் நீலத் திட்டுக்கு உரை எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. எந்த வண்ணத்தில் தொடங்கி எதை மூடினீர்கள் என்று சொல்லுங்கள். கேட்பவருக்குப் படத்துக்குள் நுழைய அது போதும்.

வயதாகிவிட்டது. வேலைக்கும் போகிறேன். இனிமேல் தொடங்கி என்ன பயன்?

அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான காந்தின்ஸ்கி, சட்டம் கற்பிக்கும் வேலையை மறுத்துவிட்டு 1896-இல் மியூனிக் போய் ஓவியம் படிக்கத் தொடங்கியபோது வயது 30. 1911-இல் பிறந்த பணிக்கருக்கு மேலே சொன்ன தொடரைத் தொடங்கியபோது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஹவானாவில் பிறந்த கார்மென் ஹெரேராவின் ஓவியம் முதன்முதலில் விற்றபோது அவருக்கு வயது 89. அச்சுதன் கூடல்லூர் சென்னையில் பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்துகொண்டே வரைந்தவர்.

நேரத்துக்கு வழி, மேசையை எப்போதும் தயாராக வைப்பது. பொருட்களை எடுத்து அடுக்கும் இருபது நிமிடத்தில்தான் ஆசை வடிகிறது. ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டில் ஈரத் துணியை மடித்து வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வண்ணத்தை எடுத்து மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளுக்குக் காயாது. இரவு சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார அது போதும்.

விற்குமா என்ற கவலை வரையும்போதே வந்துவிடுகிறது.

1966-இல் பணிக்கர் தலைமையில் சோழமண்டலத்தை உருவாக்கிய ஓவியர்கள் இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டார்கள். பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று அதில் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள், நிலம் வாங்கவும் அதுவே உதவியது. ஓவியம் சோறு போட்டே தீரவேண்டும் என்ற சுமை இறங்கியது. உங்களுக்கு அந்தப் பாத்திக் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேலையாக இருக்கலாம், டியூஷனாக இருக்கலாம். விற்பதற்கென்று செய்யும் சிறு படங்களாகவும் இருக்கலாம். அவற்றை வேறு மேசையில், வேறு கிழமையில் செய்யுங்கள்.

முன்னேறுகிறேனா என்பது எப்படித் தெரியும்?

தோற்றதையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, எடுத்த வண்ணங்கள், அன்றைய நிபந்தனை, ஆன நேரம், இந்த நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்று எழுதவேண்டாம், அந்தத் தீர்ப்பு ஒரு வாரம்கூட நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். அடுக்கி வைக்கும்போது மட்டும் கவனம்: அக்ரிலிக் காய்ந்தபின்னும் மழைக்காலப் புழுக்கத்தில் இளகும். முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது இரண்டும் பாழாகும். நடுநடுவே சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள் ஒன்றை வைத்து, எடை ஏற்றாமல் நிறுத்தி வையுங்கள்.